ஆட்டத்தைப் பெரிய திரையில் பார்க்க: லேப்டாப், கைப்பேசி, டிவி இணைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரைப்படம் பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடவிடலாம். நேரலை ஆட்டத்தில் அது நடக்காது. கடைசி ஓவரில் திரை கறுத்து, மீண்டும் வரும்போது வீரர்கள் கைகுலுக்கிக்கொண்டிருந்தால், அந்த ஓவர் போனது போனதுதான். பிறகு போட்டுப் பார்க்கலாம், ஆனால் அது முடிவு தெரிந்த ஆட்டம். ஆகவே கீழே உள்ள பதில்களில், எந்த வழி நடுவில் கைவிடாது என்பதையே முதலில் பார்த்திருக்கிறேன். அடுத்தது அசைவு. விளையாட்டில் பந்து ஓடுகிறது, ஆட்கள் ஓடுகிறார்கள், கேமராவும் கூடவே ஓடுகிறது. படம் எவ்வளவு கூர்மை என்பதைவிட அசைவு எவ்வளவு சீராக இருக்கிறது என்பதுதான் இங்கே கண்ணுக்குத் தெரியும்.

கேபிள், காஸ்ட், மிரரிங் என்று பல வழிகள் சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

முதலில் டிவியின் ரிமோட்டை எடுங்கள். நீங்கள் சந்தா கட்டியிருக்கும் சேவையின் செயலி டிவியிலேயே இருந்தால் லேப்டாப்பும் வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம். அதற்குள் நுழைந்து பாருங்கள், வேலை முடிந்தது. டிவியில் அந்தச் செயலி இல்லை, அல்லது டிவி பழையதாகி செயலி புதுப்பிக்கப்படாமல் நிற்கிறது என்றால், அடுத்தது படத்தையும் ஒலியையும் டிவிக்குக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிள். அதற்கு அடுத்தது காஸ்ட், அதாவது ஆட்டத்தை இணையத்திலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும்படி கைப்பேசி டிவியிடம் சொல்வது. கைப்பேசித் திரையை அப்படியே டிவியில் காட்டும் மிரரிங், வேறு வழியே இல்லாதபோது.

கம்பியில்லா வழிகள் மோசமானவை என்று சொல்ல வரவில்லை. சாதாரண நாளில் அவை வசதியானவை. ஆனால் முக்கியமான ஆட்டத்துக்கு என் கை தானாகக் கேபிளைத்தான் தேடுகிறது. ஒருமுறை கால்பந்து இறுதிப் போட்டி ஒன்றைக் கம்பியில்லாமல் பெரிய திரைக்கு அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெனால்டி உதைகள் வரை போன ஆட்டம். மூன்றாவது உதைக்கு வீரர் ஓடிவரும்போது படம் உறைந்தது. மறுபடி இணைத்து முடிப்பதற்குள் ஒரு அணி மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. அறையில் இருந்த ஒருவரும் பேசவில்லை. அன்றிலிருந்து இரண்டு மீட்டர் கேபிள் ஒன்று என் பையிலேயே இருக்கிறது.

லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் இணைப்பது எப்படி?

கேபிளின் ஒரு முனையை லேப்டாப்பிலும் மறுமுனையை டிவியின் பின்புறம் அல்லது பக்கவாட்டில் இருக்கும் எச்டிஎம்ஐ துளையிலும் செருகுங்கள். துளைக்கு அருகில் 1, 2, 3 என்று எண் இருக்கும், அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ரிமோட்டில் சோர்ஸ் அல்லது இன்புட் என்ற பொத்தானை அழுத்தி அதே எண்ணைத் தேர்ந்தெடுங்கள். "கேபிள் போட்டேன், ஒன்றும் வரவில்லை" என்பவர்களில் பலர் இந்தக் கடைசி வேலையைத்தான் மறந்திருப்பார்கள்.

விண்டோஸ் லேப்டாப்பில் விண்டோஸ் விசையையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் நான்கு தேர்வுகள் வரும்: லேப்டாப் திரை மட்டும், இரண்டிலும் ஒரே காட்சி, டிவியை லேப்டாப்பின் நீட்சியாக வைப்பது, டிவி மட்டும். விளையாட்டுக்கு நான்காவதே நல்லது. இரண்டிலும் ஒரே காட்சி என்று வைத்தால், லேப்டாப் திரையின் அளவுக்கும் வேகத்துக்கும் டிவியும் இறங்கிவர நேரிடலாம். மேக் லேப்டாப்பில் சிஸ்டம் செட்டிங்ஸ் என்ற அமைப்புகளுக்குள் டிஸ்ப்ளேஸ் பகுதியில் ஒரே காட்சி, நீட்சி என்ற தேர்வுகள் இருக்கின்றன.

இதற்குப் பிறகும் படம் வராவிட்டால் டிவியை முதலில் இயக்கி, சரியான எண்ணில் வைத்துவிட்டுக் கேபிளைக் கழற்றி மறுபடி செருகுங்கள். இரு கருவிகளும் இணையும் தருணத்தில் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்கின்றன. அந்தப் பேச்சு ஒரு தடவை தடுமாறினால் இரண்டாவது தடவை சரியாகிவிடும்.

என் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ துளையே இல்லை.

மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் இப்போது யூஎஸ்பி-சி மட்டுமே இருக்கிறது. யூஎஸ்பி-சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டர் வாங்கினால் போதும், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எல்லா யூஎஸ்பி-சி துளையும் படத்தை வெளியே அனுப்பாது. டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதி அந்தத் துளைக்கு இருக்க வேண்டும். துளையின் அருகில் டிஸ்ப்ளேபோர்ட்டின் சிறிய டி வடிவக் குறியோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருந்தால் தைரியமாக வாங்கலாம். குறி ஒன்றும் இல்லாவிட்டால் உங்கள் மாடலின் விவரக்குறிப்பைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பழைய அகலமான யூஎஸ்பி துளையிலிருந்து எச்டிஎம்ஐ எடுத்துத்தரும் அடாப்டர்களும் விற்கிறார்கள். அவற்றை விளையாட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை லேப்டாப்பின் சிபியுவைக் கொண்டு படத்தைச் சுருக்கி அனுப்புகின்றன. எழுத்து வேலைக்கு ஒத்துவரும், பந்தைத் துரத்தும் கேமராவுக்கு ஈடுகொடுக்காது. சந்தா சேவைகளின் பாதுகாக்கப்பட்ட காட்சிகளும் அவற்றில் பெரும்பாலும் தடைபடும்.

கைப்பேசியை டிவியின் யூஎஸ்பி துளையில் செருகினால் படம் வருமா?

வராது. அந்தத் துளை பென்டிரைவில் இருக்கும் படங்களையும் பாடல்களையும் படிப்பதற்காக வைத்தது. கைப்பேசி அதில் சார்ஜ் ஆகும், அவ்வளவுதான். லேப்டாப்புக்கும் இதே பதில்.

அப்படியானால் கைப்பேசியைக் கேபிளில் இணைக்கவே முடியாதா?

முடியும், கைப்பேசியைப் பொறுத்தது. ஐபோன் 15, அதாவது 2023-இல் யூஎஸ்பி-சிக்கு மாறிய மாடல், யூஎஸ்பி-சி எச்டிஎம்ஐ அடாப்டர் வழியாக நேரடியாகப் படம் தரும். அதற்கு முந்தைய லைட்னிங் துளை ஐபோன்களுக்கு ஆப்பிளின் டிஜிட்டல் ஏவி அடாப்டர் தேவை. இதன் மலிவு நகல்களில் சொந்தக் காணொளி ஓடும், சந்தா சேவையைத் திறந்ததும் திரை கறுத்துவிடும். இப்படி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். சாம்சங் கேலக்ஸி எஸ் வரிசையில் 2017-இல் வந்த எஸ்8 முதல் இந்த வசதி இருக்கிறது. கூகுள் பிக்சலில் 8-ஆம் மாடலிலிருந்து இருக்கிறது. நடுத்தர விலை ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் யூஎஸ்பி-சி துளை இருந்தும் படம் வெளியே வராது. துளையின் உருவம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் இணைப்பு வேறு.

அடாப்டர் வாங்கும்போது சார்ஜர் செருகத் தனித் துளை உள்ளதாகப் பாருங்கள். ஐந்து செட் டென்னிஸ் ஆட்டம் முடியும் வரை எந்த பேட்டரியும் தாங்கும் என்று நம்பி உட்காரக் கூடாது.

காஸ்ட், மிரரிங் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இந்த வேறுபாடு புரிந்தால் கம்பியில்லா இணைப்பின் பாதிச் சிக்கல்கள் தாமாகவே தீர்ந்துவிடும்.

மிரரிங்கில் உங்கள் கைப்பேசிதான் எல்லா வேலையையும் செய்கிறது. இணையத்திலிருந்து ஆட்டத்தை வாங்கி, திரையில் விரித்து, அந்தத் திரையை நொடிக்கு நொடி மறுபடி சுருக்கி, வைஃபை வழியாக டிவிக்கு அனுப்புகிறது. கைப்பேசி சூடாகும், பேட்டரி இறங்கும், அழைப்பு வந்தால் அதுவும் டிவியில் தெரியும். இரண்டு முறை சுருக்கப்பட்ட படம் என்பதால் புல்தரை பச்சைக் கறையாகக் குழையும்.

காஸ்ட் செய்யும்போது கைப்பேசி ஒரு முகவரியை மட்டும் டிவியிடம் சொல்கிறது: "இந்த ஆட்டம் இங்கே இருக்கிறது, நீயே போய் எடுத்துக்கொள்." அதன் பிறகு டிவி நேராக இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. கைப்பேசி வெறும் ரிமோட்தான். நீங்கள் யாருடனாவது பேசலாம், வேறு செயலியைத் திறக்கலாம், டிவியில் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். 2013-இல் கூகுள் குரோம்காஸ்ட் கருவியோடு இந்த முறை பரவலானது. இப்போது ஆண்ட்ராய்டு டிவிகளிலும் கூகுள் டிவிகளிலும் உள்ளேயே இருக்கிறது. ஆப்பிளின் ஏர்ப்ளே இரண்டு விதமாகவும் வேலை செய்யும். செயலிக்குள் இருக்கும் ஏர்ப்ளே குறியைத் தொட்டால் காஸ்ட் போல, கட்டுப்பாட்டு மையத்திலிருந்து ஸ்கிரீன் மிரரிங் தொட்டால் மிரரிங் போல. 2019-க்குப் பிறகு வந்த சாம்சங், எல்ஜி, சோனி டிவிகள் பலவற்றில் ஏர்ப்ளே உண்டு.

ஆகவே செயலிக்குள் காஸ்ட் குறி தெரிந்தால் அதையே தொடுங்கள். குறி தெரியாவிட்டால், கைப்பேசியும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். விருந்தினருக்கென்று தனியாக வைத்திருக்கும் வைஃபையில் கைப்பேசி ஒட்டிக்கொண்டிருந்தாலும் குறி வராது.

விண்டோஸ் லேப்டாப்பைக் கேபிள் இல்லாமல் இணைக்க முடியுமா?

விண்டோஸ் விசையையும் கே எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். மிராகாஸ்ட் என்ற கம்பியில்லா முறையை ஏற்கும் டிவிகளின் பட்டியல் வரும். டிவியிலும் ஸ்கிரீன் ஷேர் அல்லது ஸ்கிரீன் மிரரிங் என்ற பகுதியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். மிராகாஸ்ட்டுக்கு ரவுட்டர் தேவையில்லை, இரு கருவிகளும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். நல்லதுதான், ஆனால் இதுவும் மிரரிங்கே. அதற்குள்ள குறைகள் இதற்கும் உண்டு.

படம் வருகிறது, ஒலி லேப்டாப்பிலிருந்தே வருகிறது.

எச்டிஎம்ஐ கேபிள் ஒலியையும் சேர்த்தே கொண்டுபோகும், அதற்கென்று தனிக் கம்பி வேண்டாம். லேப்டாப்புக்கு எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். திரையின் கீழ் மூலையில் உள்ள ஒலிபெருக்கிக் குறியைச் சொடுக்கி, ஒலி வெளியீட்டுப் பட்டியலில் டிவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். மேக்கில் சவுண்ட் அமைப்பில் அவுட்புட் பகுதி. உலாவியில் ஆட்டம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் ஒருமுறை மறுபடி ஏற்றுங்கள்.

ஒலி வருகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது. வர்ணனை கேட்கிறது, ஆட்டம் தெரியவில்லை!

டிவி பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். இது எச்டிசிபி என்ற நகல் தடுப்பு முறையின் வேலை. ஒளிபரப்பு உரிமை பெற்ற சேவைகள் தங்கள் காட்சியைப் பூட்டி அனுப்புகின்றன. லேப்டாப், அடாப்டர், டிவி மூன்றும் அந்தப் பூட்டைத் திறக்கத் தெரிந்தவையாக இருக்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணிக்குத் தெரியாவிட்டாலும் படம் மறைக்கப்படும். 4கே என்ற மிக உயர்ந்த தெளிவுள்ள காட்சிக்கு எச்டிசிபி 2.2 வேண்டும்.

குற்றவாளி பெரும்பாலும் நடுவில் இருக்கும் அடாப்டர் அல்லது ஒரே கேபிளை இரண்டாகப் பிரிக்கும் கருவி. அதை நீக்கிவிட்டு நேரடியாக இணைத்துப் பாருங்கள். விஜிஏ என்ற பழைய இணைப்பு வழியாகப் போகிறீர்கள் என்றால் அந்த வழியில் எச்டிசிபியே கிடையாது, அடாப்டரை மாற்றிப் பயனில்லை. கைப்பேசியில் மிரரிங் செய்யும்போது இப்படி ஆனால், சேவையே அதைத் தடுத்திருக்கிறது. காஸ்ட் குறியைப் பயன்படுத்துங்கள்.

படம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் பந்து விட்டுவிட்டு நகர்வது போலத் தெரிகிறது. ஏன்?

நீண்ட பதில் தேவைப்படும் கேள்வி இது. பலர் இதை இணையக் கோளாறு என்று நினைத்து ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுகிறார்கள். பெரும்பாலும் இணையத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

உலகத்தின் தொலைக்காட்சி மரபு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஆசியாவின் பெரும்பகுதி ஆகியவை நொடிக்கு 50 படங்கள் என்ற அடிப்படையில் ஒளிபரப்புகின்றன. இந்தத் தனித்தனிப் படங்களைத்தான் ஃபிரேம் என்கிறோம். வட அமெரிக்கா, ஜப்பான், கொரியா போன்றவை 60 என்ற அடிப்படையில். லேப்டாப்களோ எந்த நாட்டில் விற்றாலும் வழக்கமாக 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறைதான் டிவிக்குப் படம் அனுப்பும். நொடிக்கு 50 ஃபிரேம்கள் கொண்ட ஆட்டம் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஓடும்போது அந்தப் பத்து இடைவெளிகளை எப்படி நிரப்புவது? ஒவ்வொரு ஐந்து ஃபிரேமிலும் ஒன்றை இருமுறை காட்டித்தான். ஆக நொடிக்குப் பத்து முறை அசைவு ஒரு கணம் தயங்குகிறது. முகத்தை அருகில் காட்டும்போது தெரியாது. கேமரா மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திரும்பும்போது அந்தத் தயக்கம் கண்ணை உறுத்தும்.

தீர்வு எளிது. விண்டோஸில் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் டிஸ்ப்ளே, அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய், டிவியைத் தேர்ந்தெடுத்து, ரெஃப்ரெஷ் ரேட் என்ற இடத்தில் 60-ஐ 50 ஆக்குங்கள். மேக்கில் டிஸ்ப்ளேஸ் பகுதியிலேயே இது இருக்கிறது. பெரும்பாலான டிவிகள் 50, 60 இரண்டையும் ஏற்கும். உங்கள் ஆட்டம் எந்த வகை என்று தெரியாவிட்டால் இரண்டிலும் ஐந்து நிமிடம் பாருங்கள். கோல் கீப்பர் உதைத்த பந்தைக் கேமரா பின்தொடரும் காட்சி ஒன்றே விடையைச் சொல்லிவிடும். யூடியூபில் பார்க்கிறீர்கள் என்றால் காணொளியின் மேல் வலது சொடுக்கு செய்தால் வரும் ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் என்ற தகவல் பெட்டியில் ஃபிரேம் எண்ணிக்கையே எழுதியிருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, அடாப்டர் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது. "4கே" என்று அட்டையில் எழுதியிருக்கும் பல அடாப்டர்கள் 4கேயில் நொடிக்கு 30 முறைதான் அனுப்பக்கூடியவை. எச்டிஎம்ஐ 1.4 என்ற 2009-ஆம் ஆண்டுத் தரத்தின் எல்லை அது. 4கேயில் 60 வேண்டுமானால் 2013-இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 தரம் தேவை. லேப்டாப் உங்கள் டிவி 4கே என்று கண்டதும் தானாக 4கே 30-ஐத் தேர்ந்தெடுத்துவிடும். அசைவில் பாதி அங்கேயே தொலைந்துபோகும். அப்படி இருந்தால் தெளிவை 1920 x 1080-க்கு இறக்கி 50 அல்லது 60 ஆக்குங்கள். விளையாட்டுக்கு, நொடிக்கு 30 ஃபிரேம் கொண்ட 4கேயைவிட 60 ஃபிரேம் கொண்ட 1080 எவ்வளவோ மேல். எண் பெரிதாக இருப்பதால் படம் நன்றாக இருக்கும் என்று எண்ணி இதைத் தவறவிடுகிறார்கள்.

டிவியிலேயே அசைவைச் சீராக்கும் அமைப்பு இருக்கிறதே, அதைப் போடலாமா?

எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே டிவி தானே ஒரு ஃபிரேமைக் கற்பனை செய்து செருகுகிறது. திரைப்படத்துக்கு நான் அதை அணைத்துவிடுவேன். விளையாட்டுக்குக் குறைந்த அளவில் வைக்கலாம். அதிக அளவில் வைத்தால் வேகமான சிறிய பந்தைச் சுற்றி ஒரு சிதைந்த நிழல் தொற்றிக்கொள்ளும், சில நேரம் பந்தே ஒரு கணம் மறையும். முதலில் மேலே சொன்ன 50, 60 பொருத்தத்தைச் சரிசெய்யுங்கள். அதன் பிறகு இது தேவையே இல்லாமல் போகலாம். ஸ்போர்ட்ஸ் மோட் என்ற பட அமைப்பு பல டிவிகளில் நிறத்தை மிகையாக ஏற்றிப் புல்லைச் சாயம் பூசியது போலக் காட்டும். எனக்கு அது பிடிப்பதில்லை.

ஸ்கோர் பட்டையின் ஓரம் வெட்டுப்படுகிறது.

ஓவர்ஸ்கேன் என்ற பழைய பழக்கம். குழாய் டிவி காலத்தில் படத்தின் விளிம்பு ஒழுங்காக வராது என்பதால் அதைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்தார்கள். தட்டைத் திரைக்கு அது தேவையில்லை என்றாலும் வழக்கம் தொடர்கிறது. டிவியின் பட அளவு அமைப்பில் எல்ஜியில் ஜஸ்ட் ஸ்கேன், சாம்சங்கில் ஃபிட் டு ஸ்கிரீன், சோனியில் ஃபுல் பிக்சல் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த எச்டிஎம்ஐ துளைக்கு பிசி என்று பெயர் மாற்றினாலும் பல டிவிகளில் இது சரியாகிவிடும்.

கைப்பேசித் திரையில் பளிச்சென்று இருந்தது. டிவியில் மங்கலாக இருக்கிறதே?

சிறிய திரை குறைகளை மறைக்கும், பெரிய திரை காட்டிக்கொடுக்கும். அதே படம்தான். அதோடு சேவைகள் உங்கள் கருவியின் பாதுகாப்புத் தரத்தைப் பார்த்துத்தான் தெளிவை முடிவுசெய்கின்றன. ஆண்ட்ராய்டில் வைட்வைன் என்ற பூட்டு முறைக்கு எல்1, எல்3 என்ற நிலைகள் உண்டு. எல்3 மட்டுமே உள்ள கைப்பேசிக்குப் பல சேவைகள் உயர் தெளிவைத் தருவதில்லை. லேப்டாப்பில் உலாவிக்கு உலாவி இது மாறும். குரோமில் மங்கலாக இருந்தால் விண்டோஸில் எட்ஜிலும், மேக்கில் சஃபாரியிலும் அதே ஆட்டத்தைத் திறந்து பாருங்கள். சில சேவைகளில் வேறுபாடு உடனே தெரியும். காட்சித் தெளிவு ஆட்டோவில் இருந்தால், ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். அது ஏறிவரச் சிறிது நேரம் எடுக்கும்.

எனக்கு முன்பே பக்கத்து வீட்டில் "கோல்!" என்று கத்துகிறார்கள். அவர்களுடைய இணைப்பு வேகமானதா?

உங்கள் இணைப்பில் குறையில்லை. அவர்கள் ஆண்டெனா, கேபிள், செயற்கைக்கோள் வழியாகப் பார்க்கிறார்கள், நீங்கள் இணையத்தில் பார்க்கிறீர்கள். செயற்கைக்கோள் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தும் சமிக்ஞை மேலே போய்க் கீழே வரக் கால் நொடிதான் ஆகிறது. இணையத்தில் ஆட்டம் சிறுசிறு கோப்புகளாக நறுக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. ஆப்பிளின் எச்எல்எஸ் முறையில் ஒரு துண்டு 6 நொடி என்பது பரிந்துரை, முன்பு 10 நொடியாக இருந்தது. ஒரு துண்டு முழுதாக நிரம்பிய பிறகே அதை அனுப்ப முடியும். உங்கள் கருவியும் தடையில்லாமல் ஓட்டுவதற்காக இரண்டு மூன்று துண்டுகளைக் கையிருப்பாக வைத்துக்கொண்டுதான் தொடங்கும். ஆக அரை நிமிடம் பின்தங்குவது சாதாரணம். தாமதத்தைக் குறைக்கும் புதிய முறைகள் வந்திருக்கின்றன, எல்லாச் சேவைகளும் அவற்றைப் பயன்படுத்துவதில்லை.

உங்களால் செய்யக்கூடியவை சில உண்டு. ஆட்டத்தை நிறுத்தித் தொடர்ந்திருந்தால் நேரலையிலிருந்து இன்னும் பின்னால் போயிருப்பீர்கள், லைவ் என்ற பொத்தானைத் தொட்டு முன்னுக்கு வாருங்கள். கைப்பேசியில் ஸ்கோர் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். விக்கெட் விழுந்த செய்தி சட்டைப்பையில் அதிரும்போது திரையில் பந்துவீச்சாளர் இன்னும் ஓடியே வந்திருக்க மாட்டார். அந்த ஓர் அதிர்வு அடுத்த அரை நிமிடத்தைக் கெடுத்துவிடும். நண்பர்கள் குழுவின் செய்திகளையும் அந்த நேரத்துக்கு மட்டும் அமைதியாக வையுங்கள்.

எவ்வளவு இணைய வேகம் வேண்டும்? டேட்டா எவ்வளவு போகும்?

1080 தெளிவுக்கு நொடிக்கு 5 மெகாபிட் என்பது பெரிய சேவைகள் சொல்லும் குறைந்தபட்சக் கணக்கு. விளையாட்டில் ஒவ்வொரு கணமும் படம் முழுதும் மாறுவதால் இதைப்போல இரண்டு மடங்கு கைவசம் இருப்பது நல்லது. நொடிக்கு 5 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி. இடைவேளை சேர்த்து இரண்டு மணி நேரக் கால்பந்துக்கு 4.5 ஜிபி. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் பார்ப்பவர்கள் ஆட்டத்துக்கு முன்பே மீதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைவிடச் சீரான ஓட்டமே முக்கியம். ரவுட்டர் பக்கத்தில் இருந்தால் லேப்டாப்பை ஈதர்நெட் கம்பியில் இணையுங்கள். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி நன்றாகப் போகும், ஆனால் சுற்றியுள்ள எல்லா வீடுகளின் வைஃபையும் புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் நெரிசலடிக்கின்றன.

விலை உயர்ந்த எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினால் படம் மேம்படுமா?

இல்லை. தங்கமுலாம் பூசினாலும் பூசாவிட்டாலும் போவது அதே எண்கள்தான். கேபிள் மோசமாக இருந்தால் படம் மங்காது, திரையில் வெள்ளைப் பொறிகள் பறக்கும் அல்லது படம் விட்டுவிட்டு அணையும். நீளம்தான் கவனிக்க வேண்டியது. சாதாரண செப்புக் கேபிளில் 4கேக்கு ஐந்து மீட்டருக்கு மேல் போனால் சிக்கல் தொடங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் ஒளியிழை எச்டிஎம்ஐ கேபிள் வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு. சோர்ஸ் என்று எழுதிய முனை லேப்டாப்புக்கு, டிஸ்ப்ளே என்று எழுதிய முனை டிவிக்கு. சுவருக்குள் பதித்துவிட்டுத் திசை மாறியதைக் கண்டுபிடித்தால் மனம் வெறுத்துப்போகும்.

எங்கள் டிவியில் எச்டிஎம்ஐயே இல்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள்தான்.

எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றும் சிறிய பெட்டி கிடைக்கும். அதற்குத் தனியே மின்சாரம் கொடுக்க வேண்டும். ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் பெட்டியும் பார்க்க அப்படியே இருக்கும், மாற்றி வாங்கிவிடாதீர்கள். பந்து தெரியும், ஸ்கோர் எழுத்துகள் சற்றுக் கலங்கும். பூட்டிய காட்சிகள் பல பெட்டிகளில் வராமல் போகலாம். இருந்தும், நன்றாக ஓடும் டிவியைத் தூக்கிப்போடுவதற்கு முன் முயன்று பார்க்கத் தகுந்தது.

ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டங்கள் நடக்கின்றன.

விண்டோஸ் விசையும் பியும் அழுத்தி மூன்றாவது தேர்வான எக்ஸ்டெண்டை எடுங்கள். ஒரு ஆட்டத்தின் உலாவிச் சாளரத்தை டிவிப் பக்கம் இழுத்து முழுத்திரையாக்குங்கள், மற்றது லேப்டாப்பில் ஓடட்டும். லீக் போட்டிகளின் கடைசி நாளில், ஓர் அணியின் தலைவிதி இன்னொரு மைதானத்தில் முடிவாகும்போது, இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஒன்றின் ஒலியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கணக்கில் இரண்டு காட்சிகளைச் சேவை அனுமதிக்கிறதா என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஆட்டத்தின் நடுவில் லேப்டாப் தூங்கிவிடுகிறது.

சார்ஜரைச் செருகிவிட்டே உட்காருங்கள். பவர் அமைப்பில் உறக்க நேரத்தை நெவர் என்று வையுங்கள். மூடியைச் சாத்தினாலும் ஓட வேண்டுமானால் விண்டோஸின் கன்ட்ரோல் பேனலில் மூடி சாத்தும்போது ஒன்றும் செய்யாதே என்ற தேர்வு உண்டு. ஆனால் மூடி சாத்திய லேப்டாப்பில் வெப்பம் தேங்கும், திறந்தே வைப்பதுதான் நல்லது. விண்டோஸ் புதுப்பிப்பை ஒரு வாரத்துக்கு ஒத்திவைக்கும் பொத்தான் அப்டேட் பகுதியில் இருக்கிறது, பெரிய போட்டிக்கு முந்தைய நாளே அதை அழுத்திவிடுங்கள். தொந்தரவு செய்யாதே அமைப்பையும் போடுங்கள். இல்லையென்றால் உங்கள் அலுவலக மின்னஞ்சலின் முதல் வரியை அறை முழுதும் வாசிக்கும்.

பயணத்தில், விடுதி அறை டிவியில் பார்க்கலாமா?

விடுதி வைஃபையில் பெயரும் அறை எண்ணும் கேட்கும் நுழைவுப் பக்கம் இருக்கும். காஸ்ட் கருவிகள் அங்கேயே நின்றுவிடும். லேப்டாப்பும் கேபிளும் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. சில விடுதி டிவிகளில் சோர்ஸ் பொத்தானைப் பூட்டியிருப்பார்கள், வரவேற்பில் கேட்டால் திறந்துதருவார்கள். வேறு நாட்டுக்குப் போயிருந்தால், ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு விற்கப்படுவதால் உங்கள் சந்தா அங்கே வேலை செய்யாமல் போகலாம். கிளம்பும் முன் சேவையின் விதிகளைப் படித்துவிடுங்கள்.

"இந்தத் திட்டத்தில் டிவியில் பார்க்க முடியாது" என்று வருகிறது. இலவசத் தளங்களில் பார்த்தால் என்ன?

கைப்பேசிக்கு மட்டும் என்று குறைந்த கட்டணத் திட்டங்கள் உண்டு. அவற்றில் காஸ்ட்டும் எச்டிஎம்ஐயும் தடுக்கப்படலாம். திட்டத்தை மாற்றுவதே வழி. உரிமையில்லாமல் ஒளிபரப்பும் தளங்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. சட்டப்படி தவறு என்பதோடு, அங்கே "பிளேயரைப் புதுப்பிக்கவும்" என்று வரும் பொத்தான்களின் வழியே லேப்டாப்புக்குள் கெட்ட மென்பொருள் புகுகிறது. வங்கிக் கணக்குத் திறக்கும் அதே லேப்டாப்பில் அந்த ஆபத்து வேண்டாம். கடையிலோ மன்றத்திலோ பலருக்குக் காட்டுவதற்கு வீட்டுச் சந்தா செல்லாது, அதற்கு உரிமைதாரர்களிடம் தனி அனுமதி பெற வேண்டும்.

ஆட்டம் முடிந்து கேபிளைக் கழற்றிய பிறகு லேப்டாப்பில் ஒலியே வரவில்லை.

ஒலி வெளியீடு இன்னும் டிவியின் பெயரிலேயே நிற்கிறது. அதே ஒலிபெருக்கிக் குறியைச் சொடுக்கி லேப்டாப்பின் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். திரையும் கறுப்பாகவே இருந்தால் விண்டோஸ் விசையும் பியும் அழுத்தி முதல் தேர்வுக்குத் திரும்புங்கள். 50 ஹெர்ட்ஸாக மாற்றியதை அப்படியே விட்டுவிடலாம். அது அந்த டிவிக்கான அமைப்பு, அடுத்த ஆட்டத்துக்குக் கேபிளைச் செருகும்போது தயாராக இருக்கும்.